அண்ணாச்சி பதில்கள்: கத்தரி படாத ஓரம்

போன இதழில் தீப்பெட்டி லேபிள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பேச்சுவாக்கில் அமெரிக்காவின் பேஸ்பால் அட்டைகளை, அதாவது ஆட்டக்காரர் படம் போட்டுச் சிகரெட், பபிள்கம் பாக்கெட்டோடு வந்த சின்ன அட்டைகளைப் பற்றியும் நாலு வரி எழுதிவிட்டேன். இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்தத் தடவை முழுக்க அட்டையாகவே இருக்கட்டும். பட்டா மாறுதலும் முருங்கைக் கம்பளிப்பூச்சியும் கேட்டிருந்தவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது கயத்தாறு, இப்போது இருப்பது பாளையங்கோட்டை. நடுவில் 31 வருஷம் சிவகாசியில் லேபிள் அடிக்கும் அச்சகத்தில் மிஷின்மேன். பேஸ்பால் ஆட்டம் எனக்குத் தெரியாது. மகள் வீட்டு டி.வி.யில் ஒருநாள் அரை மணி நேரம் பார்த்தேன், அப்புறம் தூங்கிவிட்டேன். ஆனால் காகிதம் தெரியும், மை தெரியும்.

*

அண்ணாச்சி, என் மகன் டல்லாஸில் இருக்கிறான். அங்கே ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஐந்து டாலருக்கு 'வாக்னர்' என்று பெயர் போட்ட ஒரு சின்ன அட்டை வாங்கியிருக்கிறான். கோடிக்கணக்கில் போகும் என்கிறான். நம்பலாமா?
— ஒரு தகப்பனார், வள்ளியூர்

முதலில் தம்பியிடம், வேலையை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவர் சொல்வது ஹோனஸ் வாக்னர் அட்டை. பிட்ஸ்பர்க் அணியின் பெரிய ஆட்டக்காரர் அவர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளுக்குள் ஆட்டக்காரர்களின் வண்ணப் படத்தைப் போட்டு விற்றது. மொத்தம் 524 அட்டைகள். நம் தீப்பெட்டியைவிட ஒரு விரல்கடை நீளம், அகலம் ஏறக்குறைய அதே அளவு. வாக்னர் படத்தையும் அடித்தார்கள். அவர் கூடாது என்றதும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் பாக்கெட்டில் போய்விட்டவை கொஞ்சம். இன்று கணக்கில் இருப்பவை ஐம்பது, அறுபது. 2022 ஆகஸ்டில் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அந்த மாதிரிச் செய்தி ஒன்று வந்தால் போதும், அமெரிக்காவில் எல்லோரும் பரணில் ஏறிவிடுவார்கள். உங்கள் பிள்ளை ஏறியதில் தப்பில்லை.

அவர் ஏன் கூடாது என்றார் என்பதற்கு இரண்டு கதை சொல்வார்கள். பையன்கள் படத்துக்காகச் சிகரெட் வாங்கிக் கெட்டுப்போவார்கள் என்று பயந்தார் என்பது ஒன்று. தன் முகத்தைப் போட்டு வியாபாரம் செய்கிறவன் தனக்குக் காசு தர வேண்டாமா என்று கோபப்பட்டார் என்பது இன்னொன்று. வாக்னர் புகையிலை போடுகிற ஆள்தான். அதற்கு முன்னால் ஒரு சுருட்டுக்கு அவர் படம் போட்டு விற்றும் இருக்கிறார்கள். அதனால் இரண்டாவது கதைக்காரர்கள் பலமாகப் பேசுவார்கள். ஆனால் இன்னொரு செய்தியும் அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்தது. அனுமதி வாங்கித் தந்தால் பத்து டாலர் என்று உள்ளூர் நிருபர் ஒருவரிடம் கம்பெனி சொல்லியிருந்ததாம். வாக்னர் சம்மதிக்கவில்லை. தன்னால் அந்த மனிதருக்குப் பத்து டாலர் நஷ்டம் வரக்கூடாது என்று தன் கணக்கிலிருந்து பத்து டாலர் காசோலை எழுதி அனுப்பினாராம். காசுக்காக முரண்டு பிடிக்கிறவன் இப்படிச் செய்வானா? நான் முதல் கதையின் பக்கம். உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் அட்டைக்கு வருவோம். அந்த அட்டைகள் கல் அச்சில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஏற்றி அடித்தவை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அச்சகத்தில் கல் அச்சு ஓய்ந்து போயிருந்தது. ஆனால் ஜெர்மனியிலிருந்து வந்த அந்தக் கற்கள் பின்கட்டில் சாத்தி வைத்திருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு அதில்தான் உட்காருவோம். அந்த அச்சில் பெயர் எழுத்து ஒரே மையில், ஓரம் கூர்மையாக, தீட்டின மாதிரி விழும். இந்தக் காலத்து நகலில் எழுத்தும் கோடும்கூட நாலு நிறப் புள்ளிகளால் ஆனவை. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வாங்கி, கீழே பழுப்பு நிறத்தில் இருக்கும் பெயரை மட்டும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து புள்ளி புள்ளியாக, வரிசையாகக் கோலம் போட்டது மாதிரி தெரிந்தால் கதை முடிந்தது. ஐந்து டாலருக்கு ஒரு நல்ல புத்தக அடையாள அட்டை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. அதில் 'பிட்ஸ்பர்க்' என்பதற்குக் கடைசி 'எச்' எழுத்து இருக்காது. அந்தக் காலத்தில் அரசாங்கமே அந்த எழுத்தை எடுத்துவிட்டிருந்தது, 1911இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நகல் எடுத்தவனும் எச் இல்லாமல்தான் எடுத்திருப்பான்.

*

சின்னப் பிள்ளைகள் ஆசைப்படும் படத்தைச் சிகரெட் பாக்கெட்டில் எதற்கு வைத்தார்கள்? படித்ததும் பகீரென்றது.
— ஒரு ஆசிரியை, பாளையங்கோட்டை

டீச்சர், ஆரம்பத்தில் அது படமே இல்லை, வெறும் தடி அட்டை. அந்தக் காலத்துச் சிகரெட் பாக்கெட் மெல்லிய காகிதம். சட்டைப் பையில் வைத்தால் உள்ளே இருப்பது நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க ஒரு அட்டையைச் செருகினார்கள். 1880களில் யாரோ ஒரு புண்ணியவானுக்கு, சும்மா இருக்கிற அட்டையில் ஏன் படம் அடிக்கக் கூடாது என்று தோன்றியது. வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் ஆலன் அண்டு ஜின்டர் என்ற கம்பெனி 1887இல் குத்துச்சண்டைக்காரர், படகோட்டி, பேஸ்பால்காரர் என்று ஐம்பது பேர் படத்தை அடித்தது. அச்சு அவ்வளவு சுத்தம். சில முகங்களைப் பார்த்தால் நம் பழைய காலண்டர் சாமி படத்தின் மினுமினுப்பு ஞாபகம் வரும்.

சிகரெட் பிடித்தது பெரியவர்கள், படம் போனது பிள்ளைகளிடம். கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவரிடம் எல்லாம் படம் இருக்கா என்று கேட்பார்களாம். இதில் பகீரென்பதற்கு நமக்கு வாயில்லை, டீச்சர். கயத்தாற்றில் எங்கள் தெருவில் நாங்கள் ஆடியது என்ன? பஸ் ஸ்டாண்டு பக்கம் கிடக்கும் காலி சிகரெட் பெட்டியைப் பொறுக்கி, முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் கிழித்து அட்டையாக்கி, வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, தூர நின்று சில்லால் அடிப்போம். வட்டத்துக்கு வெளியே வந்தது அடித்தவனுக்கு. ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு மதிப்பு. சார்மினார் எல்லா இடத்திலும் கிடக்கும், அதனால் மலிவு. கத்தரி மார்க் அதற்கு மேல். தொப்பிக்கார துரை படம் போட்ட பாசிங் ஷோ கிடைத்தவன் அன்றைக்கு ராஜா. அந்த விலையை யார் நிர்ணயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் கடம்பூரில் என் சித்தி மகனும் ஏறக்குறைய அதே விலைதான் சொன்னான்.

*

அண்ணாச்சி, நாற்பது வருஷம் தபால் தூக்கியவன் நான். இந்த அட்டைகளை எல்லாம் முதலில் யார் ஒழுங்காகச் சேர்த்தது? பெரிய பணக்காரரா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், அம்பாசமுத்திரம்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பணக்காரர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் சிராகியூஸ் என்ற ஊரில், மின்சாரச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் உதிரி பாகங்களைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி. பெயர் ஜெஃபர்சன் பர்டிக். 1900இல் பிறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் கையை முடக்கிப் போட்டிருந்தது.

அவருக்கு முன்னாலும் அட்டை சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் ஒருவன் மிச்சிகனில் வைத்திருப்பதும் இன்னொருவன் ஓஹையோவில் வைத்திருப்பதும் ஒரே வரிசையா, வேறு வேறா என்று சொல்ல வழியில்லை. பாதி அட்டைகளில் வருஷம் கிடையாது, எத்தனை வந்தது என்றும் தெரியாது. உங்களுக்குப் புரியும்படி சொன்னால், கதவு எண்ணே இல்லாத தெருவில் தபால் கொடுப்பது மாதிரி. பர்டிக் போய்க் கதவு எண் எழுதினார். 1937இல் சேகரிப்பாளர்களுக்கென்று ஒரு சின்னச் செய்தித்தாள் தொடங்கினார். ஊர் ஊராகக் கடிதம் எழுதி, உன்னிடம் என்ன இருக்கிறது, பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு 1939இல் முதல் பட்டியலைப் புத்தகமாகப் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு 'என்', இருபதாம் நூற்றாண்டுக்கு 'டி', பழைய மிட்டாய் அட்டைக்கு 'இ' என்று எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் வரிசை எண். வாக்னர் இருக்கும் வரிசைக்கு 'டி 206' என்று பெயர் வைத்தது அவர்தான். இன்றைக்குக் கோடிக்கணக்கில் ஏலம் கூவுகிறவனும் அந்த மனிதர் வைத்த எண்ணைச் சொல்லித்தான் கூவுகிறான். அவர் பட்டியலில் வாக்னருக்குப் போட்ட விலை ஐம்பது டாலர். அதுவே அப்போது எல்லோரையும் வாய் பிளக்க வைத்த விலை.

உங்கள் இலாகாவுக்கும் இதில் பங்கு உண்டு. அவர் காலத்தில் கண்காட்சி, கடை எதுவும் கிடையாது. உறையில் பத்து அட்டை போகும், பதிலுக்குப் பத்து வரும். முன்பின் பார்க்காத ஆளை நம்பி அனுப்புவது. 1976இல் நானும் அப்படித்தான், ஓஹையோவில் ஒரு ரயில்வேக்காரருக்கு நாற்பது லேபிள் அனுப்பினேன். மூன்று மாதம் சத்தமே இல்லை. ஏமாந்துபோனேன் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருநாள் தடி உறை ஒன்று வந்தது. உள்ளே இரண்டு அட்டைக்கு நடுவில், 'டி 206' வரிசையில் ஒன்று. பெரிய ஆள் யாரும் இல்லை, சின்ன ஊர் அணியில் ஆடிய ஒருவர். பின்பக்கம் நீல மையில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம். 'பேஸ் பால்' என்று இரண்டு வார்த்தையாகப் பிரித்துப் போட்டிருந்தது. என்னிடம் இருக்கும் பேஸ்பால் அட்டை அது ஒன்றுதான். கொண்டுவந்து கொடுத்த தபால்காரருக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

பர்டிக்குக்கு வயதானதும், இத்தனையையும் யாரிடம் விடுவது என்ற கவலை வந்தது. நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியம் இருக்கிறதே, பெரிய பெரிய ஓவியங்கள் இருக்கும் இடம், அங்கே அச்சுப் படங்கள் பிரிவின் தலைவர் ஹயட் மேயர் என்பவர் இதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஆனால் ஒழுங்குபடுத்தி ஆல்பத்தில் ஏற்றுவது பர்டிக்கின் பொறுப்பு. 1947இல் தொடங்கியது. வேலையிலிருந்து நின்ற பிறகு நியூயார்க்குக்கே குடிவந்து, மியூசியத்தில் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து, மடங்காத விரல்களால் ஒட்டினார். மூன்று லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம் துண்டுகள். அதில் பேஸ்பால் முப்பதாயிரத்துக்கு மேல், அதாவது பத்தில் ஒரு பங்கு. மீதி எல்லாம் வாழ்த்து அட்டை, கடை விளம்பரம், அஞ்சலட்டை, பூ, பறவை, நடிகை. 1963 ஜனவரி 10ஆம் தேதி சாயங்காலம் கடைசி அட்டையை ஒட்டிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13இல் இறந்துபோனார்.

2017இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அவர் சேர்த்ததில் கொஞ்சம் அட்டைகளை மட்டும் மாற்றி மாற்றிக் கண்ணாடிக்குள் வைப்பார்கள். நான் லென்ஸைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்ததும் காவலாளி ஓடி வந்துவிட்டார். மகளுக்கு ஒரே வெட்கம்.

*

ஆட்டமே தெரியாமல் ஆட்டக்காரர் படத்தில் என்ன ரசனை, அண்ணாச்சி?
— கிரிக்கெட் ரசிகர், மேலப்பாளையம்

பபிள்கம் வாங்கினால் கிரிக்கெட்காரர் படம் வந்ததே, பிக் ஃபன், பின்னால் ரன், விக்கெட் என்று போட்டிருக்குமே, அதை நீங்கள் சேர்த்தீர்களா? சேர்த்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. என் மகனுக்கு அப்போது மட்டை பிடிக்கத் தெரியாது. கம்மும் பிடிக்காது, மென்று துப்பிவிடுவான். படத்தை மட்டும் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தான்.

*

என் மாமனார் நாற்பது வருஷத்துக்கு முன்னால் நோட்டில் ஒட்டிவைத்த தீப்பெட்டி லேபிள்கள் இருக்கின்றன. மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். ராமபாணப் பூச்சி அரித்துக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகளை எப்படிப் பாதுகாக்கிறார்கள்? நாங்கள் என்ன செய்யலாம்?
— ஒரு குடும்பத்தலைவி, சங்கரன்கோவில்

அம்மா, பூச்சி தின்பது லேபிளை இல்லை, மைதாவை. லேபிள் கூடவே போகிறது, அவ்வளவுதான்.

மாமனாரைக் கோபிக்க வேண்டாம். மேலே சொன்ன பர்டிக்கே பசை போட்டுத்தான் ஒட்டினார். இன்றைய அட்டைக்காரர்கள் அதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் பிய்ந்து சிதறாமல் ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் கவலை.

முதலில் நோட்டை வெயிலில் போடாதீர்கள். நிறம் போய்விடும். நிழலில் விசிறிக் காற்றில் இரண்டு நாள் விரித்து வைத்து, மெல்லிய தூரிகையால் பக்கம் பக்கமாகத் தட்டிவிடுங்கள். அப்புறம் எது மிக மலிவான லேபிளோ, இரண்டு இருக்கிறதோ, அதில் ஒன்றை மட்டும் பரீட்சை பாருங்கள். பக்கத்தோடு வெட்டி எடுத்து, தட்டில் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். சுடுதண்ணீர் கூடாது. கால் மணி நேரத்தில் மைதா இளகி, லேபிள் தானே மிதக்கும். இழுக்கக் கூடாது. கண்ணாடி மேல் ஏந்தி எடுத்து, ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள் நடுவில் வைத்துக் கனமான புத்தகம் ஏற்றிவிடுங்கள். 'டி 206' அட்டைகளையும் பழைய ஆல்பத்திலிருந்து இப்படித்தான் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கல் அச்சு மை எண்ணெய் மை, தண்ணீருக்கு அசையாது. நம் ஊர் மலிவு லேபிள்களில் சில சிவப்பு மட்டும் கரையும். அதற்குத்தான் முதலில் ஒன்றைப் பரீட்சை பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் அண்டாவில் போட்டுவிடாதீர்கள்.

மிச்சத்துக்கு வசம்புத் துண்டைத் துணியில் கட்டி அலமாரியில் போடுங்கள். எங்கள் அம்மா பட்டுப்புடவைக்குச் செய்தது அது. என் பெட்டியிலும் அதுதான். செலோ டேப் மட்டும் கண்ணில் காட்டாதீர்கள்.

வெட்டுவது என்றதும் என் பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார், குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு குரோஸ் 144 பெட்டி. மிஞ்சின லேபிள் எனக்கு. பதினோரு வயதில் அதையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் வரிசையாக ஒட்டவேண்டும் என்று, ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வருகிற மாதிரி, வெள்ளை ஓரத்தைக் கத்தரியால் நறுக்கித் தள்ளினேன். அவ்வளவு அழகாக இருந்தது. அச்சகத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஓரத்தில்தான் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும் என்பது. இரண்டு கிளி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கும் ஒரு லேபிள் என்னிடம் இருக்கிறது. எங்கே அடித்தது என்று ஐம்பது வருஷமாகத் தேடுகிறேன். பதிலை நானே குப்பையில் போட்டிருக்கிறேன்.

கத்தரி புத்தி எனக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே பேர்போன வாக்னர் அட்டை ஒன்று இருக்கிறது. 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் சேர்ந்து 4,51,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. நூறு வயதாகப் போகும் காகிதம், மூலை நாலும் கத்தி மாதிரி. தரம் பார்க்கும் நிறுவனம் பத்துக்கு எட்டு மார்க் போட்டுப் பெட்டிக்குள் வைத்து முத்திரை குத்தியது. 2007இல் 28 லட்சம் டாலர். எல்லோருக்கும் உள்ளூர ஒரு சந்தேகம், இவ்வளவு கூர்மை எப்படி வந்தது என்று. முன்னால் அதை வாங்கி விற்ற ஒருவரே 2013இல் நீதிமன்றத்தில், ஓரத்தை நான்தான் வெட்டினேன் என்று ஒப்புக்கொண்டார். அவர் வெட்டியது விலைக்காக. நான் வெட்டியது நோட்டுக்காக. கிளி லேபிளைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

*

பழைய அட்டை வாங்கிப் போட்டால் தங்கத்தைவிட ஏறுமாமே? முதலீடாகச் செய்யலாமா?
— ஐ.டி. இளைஞர், தென்காசி

வேண்டாம்.

இப்படி ஒரே வார்த்தையில் சொன்னால் ஆசிரியர் திட்டுவார், அதனால் ஒரு கதை. 1952இல் டாப்ஸ் என்ற பபிள்கம் கம்பெனி 407 அட்டை கொண்ட வரிசை ஒன்றைப் போட்டது. வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பெர்கர். கடைசிப் பகுதி தாமதமாகக் கடைக்கு வந்தது. அதற்குள் ஆட்டக் காலம் முடிந்து பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கியது. திருவிழா ராட்டினக்காரர்களிடம் சல்லி விலைக்குக் கொடுத்துப் பார்த்தார், அவர்களும் வாங்கவில்லை. கடைசியில் 1960 வாக்கில் குப்பைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தேன் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியில்தான் 311ஆம் எண், மிக்கி மேன்டில் என்ற பெரிய ஆட்டக்காரரின் படம். 2022இல் அது ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. கொட்டாமல் வைத்திருந்தால் இந்த விலை வந்திருக்குமா, சொல்லுங்கள் தம்பி. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் கேட்டு வந்தவர்களிடம் பிள்ளைகள் தூக்கிக் கொடுத்தது, பையன் வெளியூர் போனதும் அம்மா கூட்டிப் பெருக்கியது, எல்லாம் சேர்ந்துதான் இந்த விலை. எங்கள் அச்சகத்தில் கலர் விலகின ஷீட்டை எடை போட்டு விற்போம், மறுநாள் அதே ஷீட்டில் சுண்டல் கட்டிக் கொடுப்பார் வாசல் கடைக்காரர். அதில் ஒன்றை எடுத்துவைக்க எனக்கே தோன்றவில்லை. நீங்கள் எதை எடுத்துவைப்பீர்கள்?

அச்சுப்பிழைக்கும் அங்கே விலை உண்டு, இதைச் சொல்லாமல் விட முடியாது. ஷெரி மகீ என்ற ஆட்டக்காரர் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி அடித்துவிட்டார்கள். கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இன்று பிழையுள்ளது பல மடங்கு விலை, சரியானது சாதாரண விலை. எங்கள் அச்சகத்தில் அப்படி ஒரு எழுத்து மாறியபோது புரூஃப் பார்த்தவருக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள்.

*

தாத்தா, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். 86 தீப்பெட்டிப் படம் வைத்திருக்கிறேன். நானே 1, 2, 3 என்று நம்பர் போட்டிருக்கிறேன். 41 மட்டும் காலியாக விட்டிருக்கிறேன், ஏனென்றால் அது என் நண்பனிடம் இருக்கிறது, தர மாட்டேன் என்கிறான். ஒரு லாரிப் படம் இருக்கிறது, அதில் பெயர் எதுவும் இல்லை. அதற்கு என்ன நம்பர் போட?
— ஒரு மாணவன், கழுகுமலை

ஏலே, நீ பர்டிக் பேரன்தான்.

காலி நம்பர் என்றதும் ஒரு கதை. 1933இல் பாஸ்டனில் கௌடி என்ற கம் கம்பெனி 240 அட்டை என்று சொல்லி ஒரு வரிசை போட்டது. பிள்ளைகள் வாங்கினார்கள், வாங்கினார்கள், 106ஆம் நம்பர் மட்டும் யாருக்கும் வரவில்லை. ஏனென்றால் அதை அச்சடிக்கவே இல்லை! அது வரும் வரும் என்று கம் வாங்கிக்கொண்டே இருப்பார்களே, அதற்குத்தான். சில பேர் சும்மா விடவில்லை, கம்பெனிக்குக் கடிதம் எழுதிச் சண்டை பிடித்தார்கள். மறு வருஷம் கம்பெனி நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரர் படத்தை 106 என்று அடித்து, கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியது. கடிதத்தோடு காகிதக் கிளிப் போட்டு அனுப்பினார்கள். அதனால் அந்த அட்டைகள் பலவற்றில் இன்றும் கிளிப் அழுத்தின தடம் இருக்கும். வேறு அட்டையில் அப்படித் தடம் இருந்தால் குறை. இதில் அந்தத் தடத்தைப் பார்த்தால், சண்டை பிடித்த பையன் ஒருவனுக்குத் தபாலில் வந்தது என்று தெரியும்.

அதனால் 41ஐ விட்டுவிடாதே. நண்பன் கேட்பது எது என்று பார், உன் 86இல் இரண்டு இருப்பதாகப் பார்த்துக் கொடுத்து மாற்று. திருடாதே.

லாரிக்கு 87 போடு. பெயர் இல்லை என்றால் 'லாரி, பச்சை' என்று கண்ணால் பார்ப்பதை எழுது. எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்பதையும் எழுதிவை. நம்பரைப் படத்தின் மேல் எழுதாதே, பக்கத்தில் பென்சிலால் எழுது. அப்புறம் அந்த லாரியின் கீழ் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். எறும்பு ஊர்வது மாதிரிப் பொடி எழுத்து இருக்கும். அதில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று எனக்கு ஒரு அஞ்சலட்டை போடு. இரண்டு லாரி இருந்தால் ஒன்று எனக்கு. பதிலுக்கு ஒரு பாசிங் ஷோ அட்டை தருகிறேன், கயத்தாற்றில் ஜெயித்தது.